மறைக்க வேண்டியது எது?

ஈமேக்ஸ் உரைத்திருத்தி என்றால் நிரலாளர்களின் கருவி என்றுதான் பெயர். ஆனால் அமெரிக்க நாவலாசிரியர் நீல் ஸ்டீபன்சன் 1999இலேயே தன் நூலொன்றில் அதை வாயாரப் புகழ்ந்திருக்கிறார். இன்று அதை எழுத்தறையாக மாற்றுவதற்கென்றே பேக்கேஜ்கள் உள்ளன. 'ரைட்ரூம்' மெனுவையும் பட்டைகளையும் அகற்றித் திரையை முழுதாக விரிக்கும். பழைய தட்டச்சுப் பொறியின் பெயரைச் சூடிய 'ஒலிவெட்டி' இருபுறமும் ஓரம் விட்டு எழுத்தை நடுவில் நிறுத்தும். 'ஃபோகஸ்' நாம் எழுதும் வாக்கியத்தையோ பத்தியையோ தவிர மற்றதையெல்லாம் மங்கலாக்கும்.

மூன்றையும் சேர்த்தே பரிந்துரைக்கிறார்கள். மூன்றும் ஒன்றல்ல.

ஓரம் விடுவது கண்ணுக்குச் செய்யும் உதவி. அகன்ற திரையில் கோடிக்குக் கோடி ஓடும் வரியைப் படித்து முடித்தால், அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேட வேண்டியிருக்கிறது. அச்சுக்கலை அறிஞர் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் வரிக்கு 66 எழுத்து உகந்தது என்றார். ஈமேக்ஸ் இயல்பாக வைத்திருக்கும் வரியகலமும் 70தான். இது லத்தீன் எழுத்தின் அகலத்தை வைத்துப் போட்ட கணக்கு. நம் 'ணை'யும் 'னௌ'வும் அதற்குள் அடங்குமா? தமிழில் சொற்களும் நீளம். அந்த அகலத்தில் வரிக்குச் சில சொற்களே அடங்கும். தமிழில் எழுதுகிறவர் அகலத்தைக் கணிசமாகக் கூட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்றப் பத்திகளை மங்கலாக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. முதல் வரைவை மூச்சுவிடாமல் எழுதுகிறவருக்கு அது உதவலாம். நீண்ட கட்டுரையில் முப்பதாவது பத்தி இருபத்தெட்டாவதற்குப் பதில் சொல்கிறது. இருபத்தெட்டாவது மங்கிக் கிடந்தால் சொன்னதையே திரும்பச் சொல்வோம். திருத்தும்போது இன்னும் மோசம், அடுத்தடுத்த இரண்டு பத்திகள் ஒரே சொல்லில் தொடங்குவதுகூடக் கண்ணில் படாது.

இதற்கு நல்ல மாற்று ஈமேக்ஸிலேயே இருக்கிறது. வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் உருவாக்கிய ஆர்க்-மோடில் தலைப்புகளை மடித்து வைக்கலாம். வேண்டிய இயலை மட்டும் திரையில் நிறுத்தலாம். அந்த இயல் முழுவதும் தெளிவாகத் தெரியும். ஒரு விசையில் மொத்த நூலும் உள்ளடக்கப் பட்டியலாய்ச் சுருங்கும். கோப்போ வெறும் உரைக்கோப்பு. எந்தக் கணினியிலும் திறக்கும். நாவலாசிரியருக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குறை கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. எதையும் மாற்றலாம் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும். எழுத்துரு, பின்னணி நிறம், ஓரத்தின் அளவு என்று மாலை கழியும், அத்தியாயம் அப்படியே நிற்கும். கவனச் சிதறலை ஒழிக்கும் அறையே கவனத்தைத் தின்கிறது! நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 என்ற பழைய எழுத்துச் செயலியை வைத்து எழுதுகிறார். அதில் நோண்ட அதிகமில்லை.

ஈமேக்ஸில் எழுத விரும்பினால் ஒலிவெட்டியை நிறுவி ஆர்க்-மோடில் எழுதுங்கள், அகலத்தைத் தமிழுக்கு ஏற்றபடி ஒருமுறை அமையுங்கள். நூல் முடியும்வரை அமைப்புக் கோப்பைத் திறக்காதீர்கள்.