ஆட்டம் இல்லாத நுனி

0.8 மில்லிமீட்டர் டிரில் பிட்டை வெறுங்கண்ணால் பார்த்தால் அதுவும் ஒரு தையல் ஊசிதான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள், வேறொரு பொருள் தெரியும். இரண்டு வாய்க்கால்கள் தண்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறுகின்றன. வெட்டிய தூள் வெளியேற அதுதான் வழி. நுனியில் இரண்டு வெட்டு விளிம்புகள், அவற்றை இணைக்கும் மயிரளவு குறுக்குக் கோடு. அந்தக் கோட்டுக்கு வெட்டத் தெரியாது, நசுக்கித் தள்ளத்தான் தெரியும். பிட் சிறுக்கச் சிறுக்க, ஒடியாமல் இருப்பதற்காக நடுத்தண்டைக் கொஞ்சம் தடிமனாகவே விடுகிறார்கள். அதனால் விட்டத்தோடு ஒப்பிட்டால் கோடு நீண்டுவிடுகிறது. செப்புத் தகட்டில் நுனி பிடிபடாமல் வழுக்கி ஓடுவது இதனால்தான். சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி வைத்தால் ஓட்டம் அடங்கும்.

சென்னைக் கோபாலபுரத்து அடுக்குமாடி வீட்டில் பட்டறை என்றால் பால்கனியும் ஒரு ஸ்டூலும்தான். நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றும் குட்டி மோட்டாரின் கீச்சொலிக்கும் பக்கத்து வீட்டாரின் மதியத் தூக்கத்துக்கும் ஒத்துவராது என்பது தனிக் கதை. மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய ரசனை வேண்டியதில்லை. அது பிட்டை எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிடிக்கும் வழி இரண்டு. ஒன்று சக். மூன்று தாடைகள் ஒன்றாகத் திறந்து மூடும். மூன்று விரலால் விபூதி எடுப்பதுபோலப் பிட்டைக் கவ்வும். ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 1902-இல் காப்புரிமை வாங்கிய சாவி போட்டு முறுக்கும் சக்கின் பேரப்பிள்ளைகள்தாம் இவை. கைக்கருவிக்கு வரும் குட்டிச் சக்குக்குச் சாவி கிடையாது, கையாலேயே முறுக்கலாம். 0.8-லிருந்து 3.2 மில்லிமீட்டர் வரை எந்தத் தண்டு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். சௌகரியம் என்றால் அதுதான் சௌகரியம்.

இன்னொன்று காலெட். பார்க்க ஒன்றுமே இல்லை: ஒரு சிறு உலோகக் குழல், அதன் ஒரு முனையில் சில கீறல்கள். நட்டைத் திருகும்போது குழல் ஒரு சரிவான குழிக்குள் தள்ளப்படுகிறது. கீறல்கள் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்குகின்றன. நகரும் தாடை இல்லை, தாடையை ஓட்டும் மரை இல்லை. பாகம் குறைந்தால் பிசகும் குறையும். விலையாக அது கேட்பது பொறுமை. ஒரு காலெட் ஓர் அளவுக்கு மட்டும்தான். 1932-இல் ஆல்பர்ட் டிரெமல் தொடங்கிய டிரெமல் கம்பெனியின் கருவிகளுக்கு 0.8, 1.6, 2.4, 3.2 என்று நான்கு அளவுகளில் காலெட் வருகிறது. பிட் இல்லாமல் வெறும் காலெட்டை இறுக்கினால் அது நசுங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நுனி மையம் தவறும் இந்தப் பிசகு ஏன் இவ்வளவு முக்கியம்? மின்சுற்றுப் பலகையில் (பி.சி.பி.) துளைக்குள் செருகும் ஐ.சி. சில்லின் கால்கள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. 1.6 மில்லிமீட்டர் செப்புப் பொட்டில் 0.8 துளை போட்டால் சுற்றிலும் மிஞ்சுவது 0.4 தான். பிட்டின் நுனி மையத்திலிருந்து 0.1 விலகிச் சுற்றினாலே துளை 1.0 ஆகிவிடும், மிச்சம் 0.3. ஆறு மில்லிமீட்டர் பிட்டில் யாரும் கவனிக்காத ஆட்டம் இது. இங்கே அது பிட்டின் விட்டத்தில் எட்டில் ஒரு பங்கு.

அதைக் கண்ணாலேயே அளக்கலாம். மோட்டாரை மிக மெதுவாக ஓடவிட்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். நல்ல காலெட்டில் நுனி நின்றபடி நிற்கும்; சுழல்கிறதா என்றே சந்தேகம் வரும். ஆட்டம் இருந்தால் ஒரு நுனி இரண்டாகத் தெரியும், நடுவில் மங்கலான புகை. பிட்டைத் தளர்த்தி, கால் சுற்று திருப்பி, மறுபடி இறுக்கினால் சில சமயம் அந்தப் புகை பாதியாகக் குறையும். இந்த வேலையின் அழகே எனக்கு இந்த இடத்தில்தான்.

இனி பிட். ராயப்பேட்டை வழியாக அண்ணா சாலையைப் பிடித்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்து பி.சி.பி. டிரில் பிட் என்று கேளுங்கள். ஹை ஸ்பீட் ஸ்டீல் பிட் வளைந்து கொடுக்கும், கை நடுங்கினால் மன்னிக்கும். பழுப்பு நிற ஃபினாலிக் போர்டுக்கு அது போதும். கண்ணாடி இழை கலந்த போர்டில் சில துளைகளுக்குள் மழுங்கிவிடும். கார்பைடு எளிதில் மழுங்காது, ஆனால் பக்கவாட்டில் துளி அழுத்தம் பட்டாலும் டிக் என்று ஒடியும். ஸ்டாண்டில் மாட்டாத மோட்டாரில் கார்பைடு போடுவது காசைக் கரைக்கும் வேலை.

கார்பைடு பிட்டில் ஒரு நயம் உண்டு. வெட்டும் பகுதி 0.6 ஆகட்டும், 1.2 ஆகட்டும், தண்டு எப்போதும் ஒரே 3.175 மில்லிமீட்டர். கழுத்தில் ஒரு வண்ணப் பிளாஸ்டிக் வளையம், அளவை அடையாளம் காண. ஆக ஒரே ஒரு 3.2 காலெட் அத்தனை துளைக்கும் போதும். மெல்லிய தண்டைப் பிடிக்கச் சக் தேடி அலைகிறோமே, அந்தச் சிக்கலைப் பிட் செய்தவர்கள் தண்டிலேயே தீர்த்துவிட்டார்கள்.

பல் மருத்துவர்களின் பர் துண்டுகளும் இந்தக் கருவிக்கு உறவுதான். 2.35 மில்லிமீட்டர் தண்டு 2.4 காலெட்டில் கச்சிதமாக உட்காரும். பல்லுக்கும் டிரில்லுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது. பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடைவாய்ப் பற்களில் துளைகள் இருப்பதை 2006-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவற்றின் விட்டம் 1.3 முதல் 3.2 மில்லிமீட்டர் வரை. சிக்கிமுக்கிக் கல் நுனியால் போட்டிருப்பார்கள் என்கிறார்கள். நம் காலெட் டப்பாவின் அளவுகளைக் கற்காலத்திலேயே தொட்டிருக்கிறார்கள்!

சென்னைக் காற்றுக்கு ஸ்டீல் பிட் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். சக் தேவையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மரத்திலும் தேங்காய்ச் சிரட்டையிலும் அடிக்கடி அளவு மாற்றி வேலை செய்பவருக்கு அதுதான் தோழன். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகிறவர் முதல் காசைக் காலெட்டுக்கும் கார்பைடுக்கும்தான் செலவழிக்க வேண்டும். ஒடிந்த கார்பைடு எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, கண்ணாடி இழைத் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் போட்ட பிறகே ஸ்விட்சைத் தொடுங்கள்.