தொலைந்த முன்னுரை

ஒருவர் எடுத்துரைத்த கருத்து வேறு. அவர் ஏற்றுக்கொண்ட கருத்து வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மேற்கோளுக்கு வெளியே நிற்கும் சில வரிகளே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) அவர்களின் 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' இதற்குத் தக்க சான்று. தத்துவவாதிகளை மறுக்குமுன் அவர்கள் சொல்வதை உள்ளவாறு விளக்க வேண்டும் என்பதே தம் நோக்கம் என்று முன்னுரையிலேயே இமாம் அறிவித்துவிடுகிறார். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. ஆனால், பரவிய பிரதிகளுள் பெரும்பாலானவற்றில் அம்முன்னுரை இல்லை. விளைவு, ஐரோப்பிய அறிஞர் பலர் 'அல்கஸெல்' என்பவரை இப்னு சீனாவின் வழிநடந்த தத்துவவாதியாகவே கருதினர். எவருடைய கொள்கைகளை மறுத்தாரோ அவருக்கே சீடராக்கப்பட்டார் இமாம்.

இன்று தவறு தலைகீழாகியுள்ளது. 1095இல் நிறைவுற்ற 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வைக் காட்டி அவரை அறிவியலின் பகைவர் என்போர் உளர். கிரகணங்களுக்குக் கணிதம் தரும் விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்போர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கின்றனர் என்று அந்நூலின் முன்னுரைப் பகுதியிலேயே அவர் எச்சரித்திருப்பதை இவர்கள் காண்பதில்லை.

நாமும் விதிவிலக்கல்ல. 'இமாம் சொன்னார்கள்' என்பது மிம்பர்களில் எளிதாக ஒலிக்கிறது. எந்த நூலில், எவருக்கு மறுமொழியாக என்று கேட்பது அவமரியாதை அன்று, அமானிதம் பேணுதல். முன்னுரை தொலைந்த பிரதியைப் படித்தவர்மீது முழுப் பழியும் சுமத்த இயலாது. முன்னுரை கையிலிருந்தும் படியாதவருக்கு என்ன சாக்கு உண்டு?