அலாதியான ஒரு சொல்

ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு, ‘இங்கே ஒரு காவியம் இருந்தது’ என்று சொல்ல முடியுமா? சொல்லியிருக்கிறார்கள்.

துருக்கியில் போகாஸ்கோய் என்ற இடத்தில் 1906-ல் தோண்ட ஆரம்பித்து, ஆயிரக்கணக்கில் களிமண் பலகைகள் எடுத்தார்கள். ஹிட்டைட் ராஜ்யத்தின் தலைநகரான ஹட்டுசா அது. பூஜை முறைகளை ஹிட்டைட் மொழியில் எழுதிக்கொண்டே போகும் எழுத்தர், நடுவில் ‘இது லுவியனில்’ என்று குறிப்புப் போட்டுவிட்டு அந்த மொழியில் பாட்டைக் கொடுப்பார். லுவியன், ஹிட்டைட்டுக்குத் தங்கச்சி முறை. இஸ்தானுவா என்ற ஊரின் பாட்டுகளில் ஒரு வரி, யாரோ விலுசாவிலிருந்து வந்ததைச் சொல்கிறது. ‘வந்தார்கள்’ என்ற வினைக்கு அந்தப் பக்கம் ‘விலுசதி’, இந்தப் பக்கம் ‘அலதி’.

(நம்ம ‘அலாதி’ உருதிலிருந்து வந்தது. ஆலத்தி எடுப்பதற்கும் இதற்கும்கூட சம்பந்தமில்லை. தயவுசெய்து கடிதம் எழுத வேண்டாம்.)

‘அதி’ என்ற விகுதி நம்முடைய ‘இலிருந்து’ மாதிரி. ‘அலதி’யும் அதே விகுதியில் முடிவதால், விலுசாவுக்கு அது அடைமொழியாக இருக்கலாம். சரி, என்ன அர்த்தம்? அரிய சொல். அகராதி உதவாது.

ஹார்வர்டு பேராசிரியர் கால்வர்ட் வாட்கின்ஸ் 1984-ல் ஒரு கருத்தரங்கில் பதில் சொன்னார்: ‘செங்குத்தான’. எங்கிருந்து பிடித்தார்? ஹோமரிடமிருந்து. இலியட்டில் ட்ராய்க்கு இலியோஸ் என்றும் பெயர். அதன் பழைய உருவம் விலியோஸ், அதாவது விலுசா. ஹோமர் அந்த ஊரைச் செங்குத்தானது என்று அடைமொழி கொடுத்து அழைப்பார். ஆகவே இந்த வரி, ஹோமருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே லுவியனில் இருந்த ஒரு ட்ராய் காவியத்தின் முதல் வரியாக இருக்கலாம் என்றார். படித்தபோது எனக்கும் புல்லரித்தது.

அப்புறம்தான் உறுத்த ஆரம்பித்தது. சொல்லுக்கு அர்த்தம் கொடுத்தது ஹோமர். அந்த அர்த்தத்தை வைத்தே ஹோமரின் அடைமொழி அத்தனை பழசு என்று நிரூபிக்கிறோம். ஜாமீன் கொடுத்தவரே சாட்சியும் சொல்கிற கேஸ் இது!

விலுசாவும் ட்ராயும் ஒன்று என்பதில் எனக்குப் பெரிய தகராறு இல்லை. கி.மு. 1280 வாக்கில் ஹிட்டைட் மன்னன் இரண்டாம் முவதல்லி, விலுசாவின் அரசனோடு ஓர் ஒப்பந்தம் போட்டான். அந்த அரசன் பெயர் அலக்சாந்து. ஹோமரின் பாரிஸுக்கு அலெக்சாண்டர் என்றும் பெயர் இருப்பது ஞாபகம் வரும். 1995-ல் ட்ராயில் லுவியன் சித்திர எழுத்து பொறித்த ஒரு வெண்கல முத்திரையும் கிடைத்தது. முத்திரை சின்னப் பொருள், யார் மடியிலும் பயணம் செய்யும். ஆனாலும் ஏதோ ஒரு தொடர்பு.

இதெல்லாம் ஊரைப் பற்றிய சான்று. ‘அலதி’யைப் பற்றி இதில் ஒரு வார்த்தை கிடையாது. இலக்கணம் மட்டும் பார்த்தால் அது அடைமொழியாகவே இருக்க வேண்டியதில்லை. ‘கடலிலிருந்து, விலுசாவிலிருந்து’ என்பதுபோல இரண்டு பெயர்ச்சொற்களாகவும் இருக்கலாம். புல்வெளியைக் குறிக்கும் ஹிட்டைட் சொல்லோடு ‘விலுசா’வையே முடிச்சுப் போடும் யோசனைகூட உண்டு. அப்படியானால் வந்தவர்கள் மாடு மேய்த்துவிட்டு வந்திருக்கலாம்.

வாட்கின்ஸின் ஊகம் அழகானது. ஊகிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. எனக்குக் கோபம், அவருடைய ‘லாம்’ விகுதியைக் கழற்றிவிட்டு ‘ட்ராய் காவியம் கிடைத்தது’ என்று எழுதுகிறவர்கள்மேல்தான். அவர் 2013-ல் காலமாகிவிட்டார். இன்னொரு பலகையில் ‘அலதி’ ஒரு மலைக்கு முன்னால் வந்து தெளிவாக நின்றால் சொல்லுங்கள், எழுந்து நின்று கை தட்டுகிறேன்.