பெயின்ட்டுக்கு அடியில் எர்த்

உத்திரமேரூரில் பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. மாடு போய் வெகுநாளாயிற்று, கொட்டகையின் பெயர்தான் போகவில்லை. சென்னையில் பழைய கார் கண்காட்சி என்று தகவல் வந்ததும் அதன் தூணில் ஒரு பட்டியல் ஏறிவிடும். டிக்கி லாக், இடது இண்டிகேட்டர், வைப்பர், கண்ணாடி பீடிங், ஹாரன். பதினொரு மாதம் யார் கண்ணிலும் படாத குறைகள் பன்னிரண்டாம் மாதம் வரிசை கட்டி நிற்கும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற அதே புத்தி. கேலி செய்வது சுலபம். ஆனால் அந்தக் கல்யாணம் வராவிட்டால் பல வீடுகள் சுண்ணாம்பையே பார்த்திருக்காது.

கண்காட்சித் தேதி செய்கிற முதல் நன்மை இதுதான்: தள்ளிப்போட முடியாமல் செய்கிறது. ஹெரால்டு போன்ற வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் 1948இல் சென்னையில் தொடங்கிய கம்பெனி, ஆலை வண்டலூரில். 1961இல் 948 சி.சி. இன்ஜினோடு ஹெரால்டு வந்தது. பிற்பாடு நான்கு கதவு ஹெரால்டும் வந்தது. இங்கிலாந்து ஹெரால்டு சலூனுக்கு இரண்டு கதவுதான். கம்பெனி எப்போதோ போய்விட்டதால் ஷோரூமில் போய் ஸ்பேர் கேட்க வழியில்லை. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேட வேண்டும், இல்லையென்றால் லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துக் கடைந்து வாங்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு ஒருவரைக் கிளப்பிவிட ஒரு தேதி தேவைப்படுகிறது. கார்புரேட்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை ஊரில் இன்னும் மிச்சமிருப்பதற்கும் இந்த வருடாந்திர அவசரம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி மறுபக்கம். போன தடவை பட்டியலில் முதலிடம் பின்விளக்குக்கு. பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் எரியாமல் பார்க் லைட் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் மூன்றும் சேர்ந்து கண் சிமிட்டும். பல்பை மாற்றினார் பெரியப்பா, ஹோல்டரை மாற்றினார், வயரை மாற்றினார். கடைசியில் மெக்கானிக் வந்து டிக்கிக்குள் தலையை விட்டு, விளக்குக்கூட்டைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று பெயின்ட். எமரித் தாளால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தேய்த்தார். இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் போல்ட்டை முறுக்கினார். மூன்று விளக்கும் தனித்தனியாக எரிந்தன.

“பெயின்ட்டு நல்லா அடிச்சிருக்காங்கய்யா. அதான் லைட்டு எரியல.”

ஹெரால்டின் உடம்பு ஒரே கூடு இல்லை. தனிச் சட்டத்தின்மேல் துண்டுதுண்டாகப் போல்ட் போட்டுச் சேர்த்தது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புவது அந்த இரும்பு வழியாகத்தான். ஒவ்வொரு இணைப்பிலும் இரும்பு இரும்பைத் தொட வேண்டும். அதற்கு முந்திய கண்காட்சிக்காக ஒரு பட்டறையில் அடித்த புதுப் பெயின்ட் இணைப்புக்குள் புகுந்து எர்த்தை அடைத்துவிட்டது. ஆக, ஒரு காட்சிக்காகச் செய்த வேலைதான் அடுத்த காட்சிக்கான பழுதாகியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தின் ஆதாரக் கோளாறே இங்கேதான் இருக்கிறது. நடுவர் நின்று பார்ப்பார், ஓட்டிப் பார்க்க மாட்டார். அதனால் பட்டியல் நடுவரின் கண் போகிற வழியிலேயே போகிறது. ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புகிற இடத்தில், கீழே, ட்ரன்னியன் என்று ஓர் உருப்படி உண்டு. அதற்குக் கிரீஸ் ஆகாது, 90 ஆயில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் உள்ளே மரை துருப்பிடிக்கும். ஒருநாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பட்டென்று முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஆயிலுக்கு ஆகும் செலவு பாலிஷ் டப்பாவுக்கு ஆவதைவிடக் குறைவு. பெரியப்பாவின் பட்டியலில் அது எந்த வருடமும் இருந்ததில்லை. இத்தனைக்கும் ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கமாகச் சாய்கிற பானட். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

அமெரிக்காவில் 1950 முதல் நடக்கும் பெபிள் பீச் கார் காட்சியில் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். காட்சிக்கு முன்னால் ஓர் ஊர்வல ஓட்டம் உண்டு. ஒரே பிரிவில் இரண்டு கார் சமமாக வந்தால், அந்த ஓட்டத்தை முடித்த காருக்கே பரிசு. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கும் பளபளப்புக்கு அங்கே சின்னதாக ஒரு கொட்டு. நம் ஊரிலும் வேண்டும் என்பேன். உத்திரமேரூர்க்காரருக்கு அது தானாகவே அமைந்திருக்கிறது: சென்னைக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓட்டித்தான் போக வேண்டும், செங்கல்பட்டு சிக்னலில் பிரேக் பிடிக்க வேண்டும்.

எதைச் சரிசெய்யக் கூடாது என்ற கேள்வி இன்னும் கடினமானது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, பதிவாகி 50 ஆண்டு கடந்த, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டிகள் ‘விஏ’ வரிசை எண்ணோடு விண்டேஜ் என்று பதிவு பெறலாம். பெரிய மாற்றத்துக்கு அங்கே வேலி இருக்கிறது. வைப்பர் பிளேடுக்கும் பம்பர் நசுங்கலுக்கும் வேலி கிடையாது, அவை உரியவர் ரசனைக்கு விட்டவை. ரசனையோ பெரும்பாலும் புதுசு பக்கம் சாய்கிறது.

எங்கள் ஊரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணலை வீசியடித்துக் கல்லைச் சுத்தம் செய்த கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. கல் பளிச்சென்றாயிற்று, எழுத்து மழுங்கிற்று. காரையும் கல்வெட்டையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தேய்க்கிற கையின் நல்லெண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஹெரால்டின் பின்பம்பரில் ஒரு நசுங்கல். பெரியம்மா கார் ஓட்டக் கற்ற முதல் வாரம் கிணற்றுத் திட்டில் மோதியது. இந்த வருடம் டிங்கரிங் ஆள் தட்டியெடுக்க வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். கூடவே கியர் ஆயில் டப்பாவையும் நீட்டினேன். பெரியப்பா இரண்டுக்கும் முணுமுணுத்தார். தட்டினால் குரோமியம் உரியும் என்று ஆள் சொன்னதால் முதலாவதற்கு ஒப்புக்கொண்டார், எனக்காக அல்ல.

காட்சியில் ஒரு பெண் அந்த நசுங்கலைக் காட்டி என்ன என்று கேட்டாள். பெரியப்பா பத்து நிமிடம் பேசினார். அதில் கிணறு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பரிசு பக்கத்தில் நின்ற பியட்டுக்குப் போயிற்று. ட்ரன்னியனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 90 ஆயில் டப்பா கொட்டகையில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது.