களத் தபால் உறையின் அருமை

இரண்டாம் உலகப் போர்க்களங்களிலிருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள காவேரிப்பட்டினத்துக்கு வந்த கடிதமாயின் அதன் முகவரியில் ‘சேலம் ஜில்லா’ என்றிருப்பதே இயல்பு; தருமபுரி மாவட்டம் 1965-இலும், அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இலும் பிரிந்தமையால், குடும்ப வரலாறு தேடுவோர் பழைய ஆவணங்களைச் சேலத்தின் பெயரிலேயே தேட வேண்டும்.

கடிதத்தைவிட உறையே சில வேளைகளில் மிகுதியாகப் பேசும். படை தங்கிய இடத்தைப் பகைவர் அறியாதிருக்க, படையோடு நகரும் அஞ்சலகமாகிய களத் தபால் நிலையத்தின் வட்ட முத்திரையில் ஊர்ப்பெயருக்கு மாறாக ஓர் எண்ணும் தேதியுமே இருக்கும். கடிதத்தைப் படித்து, இடத்தைக் காட்டும் வரிகளை அடித்த தணிக்கையாளரின் முத்திரை அருகில் விழுந்திருக்கும். அஞ்சல் வரலாற்று ஆர்வலர்கள் பொறுமையாகத் தொகுத்த பட்டியல்களோடு அவ்வெண்ணையும் தேதியையும் ஒப்பிட்டால், மறைத்த ஊர் பல வேளைகளில் வெளிப்பட்டுவிடுவது உண்மையிலேயே வியப்புக்குரியது. உறையைக் குப்பையில் எறிவது ஈடுசெய்ய இயலாத இழப்பாகும்.

கடிதத்தோடு படைவீரரின் புகைப்படமும் இருந்தால், அதில் முகத்தோடு தோளையும் உருப்பெருக்கியால் நோக்க வேண்டும். அங்குள்ள பித்தளை எழுத்துகள், பெங்களூரில் மையம் கொண்டு பாலமும் பாதையும் அமைத்த மதராஸ் சாப்பர்ஸ் போன்ற படைப்பிரிவின் பெயரைச் சொல்லக்கூடும். படம் ஒட்டிய அட்டையின் விளிம்பில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கலாம் என்பதால், படத்தை அட்டையிலிருந்து உரித்தெடுக்கலாகாது.