ஃபாக் ஆலனும் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சி மரபும்

ஒரு விளையாட்டு தோன்றுவதற்கு ஒருவரின் கற்பனை போதும். அது தலைமுறை கடந்து நிலைபெறுவதற்கோ அதைக் கற்பிக்கும் முறையும், அம்முறையைக் காத்து வளர்க்கும் அமைப்பும் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்துக்கு இவ்விரண்டும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வாய்த்தன. அக்காலத்தில் அணியைப் பழக்கும் பயிற்சியாளர் பொறுப்பும், பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளுக்கும் பணம், மைதானம், போட்டி நிரல், பணியாளர் நியமனம் ஆகியவற்றைக் கவனிக்கும் விளையாட்டு இயக்குநர் பொறுப்பும் பல இடங்களில் ஒருவரிடமே இருந்தன. இந்த இரட்டைப் பொறுப்பை முழு அளவில் ஏற்று, கூடைப்பந்துப் பயிற்சியைத் தனித்ததொரு கல்வித் துறையாக ஆக்கியவர்களுள் முதன்மையானவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபாரஸ்ட் கிளேர் ஆலன். ‘ஃபாக்’ ஆலன் என்ற பட்டப்பெயராலேயே அவர் பரவலாக அறியப்படுகிறார். அவருடைய பணிவாழ்வையும், அவர் காலத்தில் கிளைத்த பயிற்சிப் பள்ளிகளையும், ஒரு பயிற்சியாளரை மதிப்பிட அம்மரபு வகுத்த அளவுகோல்களையும் இக்கட்டுரை தொகுத்துக் காண்கிறது.

மரபின் ஊற்று

கனடாவில் 1861-இல் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, துறைத் தலைவர் லூதர் குலிக்கின் பணிப்பின் பேரில், குளிர்காலத்தில் கூரைக்கு அடியில் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை 1891 டிசம்பரில் வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டி, பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடிய அந்த ஆட்டத்துக்கு 13 விதிகள் மட்டுமே இருந்தன. பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடக்கூடாது என்பது அவற்றுள் உயிரானது; முரட்டு மோதலைத் தவிர்ப்பதற்காகவே நெய்ஸ்மித் அதை வைத்தார்.

உடற்பயிற்சியை ஒழுக்கக் கல்வியின் பகுதியாகக் கருதிய ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியிலிருந்து ஆசிரியர்கள் உலகின் பல பகுதிகளுக்கும் சென்றனர். அவர்களுள் ஒருவரான ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். எனவே தமிழகத்தின் உடற்கல்வி ஆசிரியர் பரம்பரையும் கன்சாஸ் மரபும் ஒரே வேரில் கிளைத்தவை என்று கொள்வது பொருந்தும்.

நெய்ஸ்மித் மருத்துவப் பட்டம் பெற்று 1898-இல் கன்சாஸ் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கே அவர் பழக்கிய அணி 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றது. கூடைப்பந்தை மாணவர்கள் ஆடி மகிழும் உடற்பயிற்சியாகவே அவர் கண்டார். அதற்கென்று தனிப் பயிற்சியாளர் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. அவருடைய மாணவராகவே ஆடிய ஆலன் இக்கருத்திலிருந்து விலகிய இடத்தில்தான் பயிற்சி மரபு தொடங்குகிறது.

ஆலனின் கல்வியும் தொடக்கப் பணிகளும்

ஆலன் 1885 நவம்பர் 18 அன்று மிசூரி மாநிலத்தின் ஜேம்ஸ்போர்ட்டில் பிறந்து, அதே மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் நகரில் வளர்ந்தார். அவருடைய அமைப்புத் திறன் 1905-லேயே வெளிப்பட்டது. அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த பஃபலோ ஜெர்மன்ஸ் அணியைக் கன்சாஸ் சிட்டிக்கு அழைத்து, மூன்று ஆட்டங்கள் கொண்ட தொடர் ஒன்றை நடத்துவதில் இருபது வயதுகூட நிரம்பாத அவர் முன்னின்றார். அவர் ஆடிய உள்ளூர் மன்ற அணி அத்தொடரை வென்றது. ஆட்டத்தை ஆடுவது, அதற்கு ஏற்பாடு செய்வது, பார்வையாளரைத் திரட்டுவது ஆகிய மூன்றையும் ஒரே வேலையாகக் காணும் பார்வை அவரிடம் தொடக்கத்திலேயே இருந்தது.

பேக்கர் பல்கலைக்கழகம், கன்சாஸ் பல்கலைக்கழகம், அமெரிக்கப் பழங்குடி மாணவர்களுக்கான ஹாஸ்கெல் நிறுவனம் ஆகிய மூன்றின் அணிகளையும் அவர் 1905-க்கும் 1909-க்கும் இடையில் பழக்கினார். பின்னர் பயிற்சியை விட்டு விலகி, எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றைக் கையால் நீவியும் திருத்தியும் குணப்படுத்தும் ஆஸ்டியோபதி மருத்துவத்தைப் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். இந்த இடைவெளி அவருடைய பயிற்சிமுறைக்கே அடித்தளமாயிற்று. ஆட்டக்காரரின் உடலை அறிந்தவரே அவரைப் பழக்கத் தகுதியுடையவர் என்பதும், நிற்கும் நிலை, காலடி வைப்பு, ஓய்வு, காயத்தின் பராமரிப்பு ஆகியவை தந்திரங்களுக்கு முன்னே கற்பிக்கப்பட வேண்டியவை என்பதும் அவருடைய கொள்கைகள் ஆயின. மிசூரியின் வாரன்ஸ்பர்க் ஆசிரியர் கல்லூரியில் 1912 முதல் 1919 வரை பணியாற்றிய பின் கன்சாஸுக்கு விளையாட்டு இயக்குநராகத் திரும்பிய ஆலன், அந்தப் பருவத்திலேயே கூடைப்பந்து அணியின் பொறுப்பையும் ஏற்றார். 1956-இல் ஓய்வு பெறும் வரை அதில் தொடர்ந்தார்.

பயிற்சிப் பள்ளிகள்

1920-களிலும் 1930-களிலும் கல்லூரிக் கூடைப்பந்தில் தெளிவான வேறுபாடுகளுடன் சில பள்ளிகள் உருவாயின. பள்ளி என்பது இங்கு ஒரு பயிற்சியாளரிடம் தோன்றி, அவருடைய மாணவர்களாலும் நூல்களாலும் பரவிய ஆட்டக் கொள்கையைக் குறிக்கும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1911 முதல் பணியாற்றிய வால்டர் மீன்வெல்லின் பள்ளி, குறுகிய தூரத்துக்கு விரைவாகப் பந்தைக் கைமாற்றிக்கொண்டு, ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் குறுக்கே கடந்து ஓடும் முன்வகுத்த நகர்வுகளை நம்பியது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு தனியொருவர் முன்னேறும் ‘டிரிபிள்’ முறை அணியின் ஒழுங்கைக் குலைக்கும் என்று மீன்வெல் கருதினார். பிட்ஸ்பர்க்கின் கிளிஃபர்டு கார்ல்சனும் நகர்வு ஒழுங்கையே நாடினார். ஆட்டக்காரர்கள் எட்டு என்னும் எண்ணின் வடிவில் இடைவிடாது சுழன்று வருவது அவருடைய முறை. 1928-இல் அவருடைய அணி 21 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

இதற்கு எதிர்முனையில் இருந்தது பர்டூ பல்கலைக்கழகத்தின் வார்டு லாம்பர்ட் வளர்த்த விரைவுப் பள்ளி. எதிரணி தன் காப்பை அமைத்துக்கொள்ளும் முன்பே பந்துடன் பாய்ந்து சென்று கூடையில் இடும் ‘ஃபாஸ்ட் பிரேக்’ அதன் உயிர்நாடி. ஒவ்வொரு கூடைக்குப் பின்னும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோய் இருவர் துள்ளி எழுந்து தட்டும் பழைய விதி 1937-38 பருவத்தில் கைவிடப்பட்டபோது ஆட்டத்தின் தடங்கல் நீங்கி, லாம்பர்ட்டின் பள்ளிக்குக் காலம் கனிந்தது. நியூயார்க் சிட்டி கல்லூரியில் நாட் ஹோல்மன், தாம் தொழில்முறை அணியில் ஆடிப் பெற்ற அனுபவத்தைக்கொண்டு, பந்தைக் கொடுத்துவிட்டு உடனே கூடையை நோக்கி வெட்டி ஓடும் நகர முறையைக் கற்பித்தார். ஓக்லஹோமா ஏ அண்டு எம் கல்லூரியில் 1934 முதல் பயிற்சியாளராகவும் பின்னர் விளையாட்டு இயக்குநராகவும் இருந்த ஹென்றி ஐபா, பந்தை விட்டுக்கொடுக்காமல் பொறுமையாக வாய்ப்புக்குக் காத்திருப்பதையும் கட்டுக்கோப்பான காப்பையும் வலியுறுத்தி, 1945, 1946 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றார்.

இவற்றினிடையே ஆலனின் கன்சாஸ் பள்ளி அடிப்படைத் திறன்களின் பள்ளி எனத்தக்கது. காப்பில் அதன் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. எதிரணியின் ஒவ்வொருவருக்கும் ஒருவர் பொறுப்பேற்பது ஆள் காப்பு. தளத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பொறுப்பேற்பது பகுதிக் காப்பு. ஆலன் இவ்விரண்டையும் இணைத்து, ஆளைக் காப்பவரே பந்தின் இருப்பிடத்துக்கேற்பத் தம் பகுதியையும் காக்குமாறு ஒரு முறையை வகுத்தார். 1924-இல் வெளியான ‘மை பாஸ்கெட்பால் பைபிள்’, 1937-இல் வெளியான ‘பெட்டர் பாஸ்கெட்பால்’ ஆகிய அவருடைய நூல்கள் இக்கல்வியை அரங்கத்துக்கு வெளியேயும் கொண்டு சென்றன.

சங்கமும் விதியும்

பள்ளிகள் தம்முள் மாறுபட்டபோது, ஆட்டத்தின் பொது விதியை யார் முடிவு செய்வது என்ற கேள்வி எழுந்தது. டிரிபிள் முறையை ஒரே ஒரு தட்டலுக்குக் கட்டுப்படுத்தும் விதியை 1927-இல் விதிக்குழு ஏற்றது. மீன்வெல் அதற்கு ஆதரவாக நின்றார். ஆலன் அதைக் கடுமையாக எதிர்த்து, பயிற்சியாளர்களை ஐயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் ஒன்று திரட்டினார். எதிர்ப்பின் வலிமையால் அவ்விதி கைவிடப்பட்டது. அந்த ஒருங்கிணைப்பிலிருந்து தேசியக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சங்கம் பிறந்தது. ஆலன் அதன் முதல் தலைவரானார். கற்பிப்பவர்களுக்கு விதிகளைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு என்பதை நிலைநாட்டிய இந்நிகழ்ச்சி, பயிற்சியை ஒரு தொழிலாக ஏற்கச் செய்தது.

கூடைப்பந்து 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றதற்கு நெடுநாள் வாதாடியவர்களுள் ஆலன் முன்னணியில் இருந்தார். தாம் வகுத்த ஆட்டத்தை அங்கே நேரில் காண நெய்ஸ்மித்துக்குப் பயணச் செலவு திரட்டியது பயிற்சியாளர் சங்கமே. அச்சங்கம் 1939-இல் தொடங்கிய தேசியக் கல்லூரிப் போட்டி முதல் ஆண்டில் இழப்பில் முடிந்தது. அடுத்த ஆண்டின் இறுதி ஆட்டம் ஆலனின் முயற்சியால் கன்சாஸ் சிட்டியில் நடந்து ஆதாயம் ஈட்டியது. அந்த இறுதியாட்டத்தில் அவருடைய அணியே இண்டியானாவிடம் 60-42 எனத் தோற்றது என்பது, அவர் தம் அணியின் நலனைக் கடந்து போட்டியின் நிலைபேற்றுக்கும் உழைத்தார் என்பதற்குச் சான்றாகும்.

இயக்குநரின் பணி

ஆலன் 1919 முதல் 1937 வரை விளையாட்டு இயக்குநராக இருந்தார். முதல் உலகப் போரில் உயிர்நீத்த மாணவர்களின் நினைவாகக் கன்சாஸில் எழுந்த விளையாட்டரங்கும், 1923-இல் தொடங்கிய கன்சாஸ் ரிலேஸ் என்னும் தடகளப் போட்டியும் அவருடைய இயக்குநர் காலத்தவை. 1920-இல் அவர் அமெரிக்கக் கால்பந்து அணியையும் தாமே பழக்கினார். ஓர் ஆட்டத்தின் வருவாய் மற்றோர் ஆட்டத்தைத் தாங்குவதும், அரங்கமே ஆர்வலரை உண்டாக்குவதும் அவர் பணியால் புலப்பட்ட உண்மைகள். அவர் பெயரால் அமைந்த ஆலன் ஃபீல்டுஹவுஸ் அரங்கம், அவர் இன்னும் பயிற்சியாளராக இருந்தபோதே, 1955 மார்ச் 1 அன்று திறக்கப்பட்டது.

நிர்வாகி என்ற நிலையில் அவர் விடுத்த எச்சரிக்கைகளும் நினைக்கத்தக்கவை. கல்லூரி ஆட்டங்களைச் சூதாட்டம் சூழ்கிறது என்று 1944-இல் அவர் வெளிப்படையாகக் கூறியபோது பலர் அதை மிகை என்று ஒதுக்கினர்; 1951-இல் ஹோல்மனின் கல்லூரி உட்படப் பல கல்லூரிகளின் ஆட்டக்காரர்கள் பணம் பெற்றுப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்தது வெளியானபோது அவர் சொன்னது உறுதியாயிற்று. நெட்டையான ஆட்டக்காரர்களின் வரவால் திறன் மதிப்பிழக்கும் என்று அஞ்சி, கூடையைப் பன்னிரண்டடிக்கு உயர்த்த வேண்டும் என்று அவர் வாதிட்டது மட்டும் ஏற்கப்படவில்லை. ஆயினும் வில்ட் சேம்பர்லின் என்ற ஏழடி உயர இளைஞரைக் கன்சாஸுக்கு ஈர்த்தவரும் அவரே. எழுபது வயதில் கட்டாய ஓய்வு என்னும் பல்கலைக்கழக விதியால், சேம்பர்லின் முதன்மை அணியில் ஆடியதை அவர் பயிற்சியாளராக இருந்து காண இயலவில்லை.

அளவுகோல்கள்

இம்மரபில் ஒரு பயிற்சியாளரை மதிப்பிட முதலில் கொள்ளப்படுவது வெற்றிக் கணக்கு. ஆலன் கன்சாஸில் மட்டும் 39 பருவங்களில் 590 ஆட்டங்களிலும், மொத்தப் பணிவாழ்வில் 746 ஆட்டங்களிலும் வென்றார். 1952-இல் செயின்ட் ஜான்ஸ் அணியை 80-63 என வென்று தேசியப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் கன்சாஸ் ஆட்டக்காரர் எழுவர் இருந்தனர்; ஆலன் துணைப் பயிற்சியாளராகச் சென்றார்.

இரண்டாவது அளவுகோல் மாணவர் பரம்பரை. கென்டக்கியில் 876 வெற்றிகள் கண்ட அடால்ஃப் ரப்பும், வட கரோலினாவில் 879 வெற்றிகள் கண்ட டீன் ஸ்மித்தும் கன்சாஸில் ஆலனிடம் ஆடியவர்கள். ஸ்டான்ஃபோர்டில் பயிற்சியளித்த ஜான் பன், நார்த்வெஸ்டர்னில் பயிற்சியளித்த டச்சு லோன்போர்க், ரால்ஃப் மில்லர் ஆகியோரும் அவ்வழியினரே. ஆசிரியரின் வெற்றி எண்ணிக்கையை மாணவர் மிஞ்சுவது அப்பள்ளியின் வளத்துக்கு அடையாளம்.

மூன்றாவது அளவுகோல் நீதி. மற்ற இரண்டையும் விடக் கடினமானதும் அதுவே. கன்சாஸில் 1933 முதல் பயின்ற ஜான் மெக்லெண்டன், நெய்ஸ்மித்திடம் நேரில் கற்றவர். எனினும் கறுப்பின மாணவர் என்பதால் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. அந்தத் தடை கன்சாஸ் சார்ந்த கல்லூரிக் கூட்டமைப்பு முழுவதிலும் எழுதப்படாத விதியாக இருந்தது. அதை மாற்றும் ஆற்றல் யாருக்கேனும் இருந்திருக்குமானால், அணியையும் நிர்வாகத்தையும் ஒருங்கே கைக்கொண்டிருந்த ஆலனுக்கு இருந்திருக்கும். லாவான்ஸ் ஸ்குவயர்ஸ் என்ற முதல் கறுப்பின வீரர் கன்சாஸ் அணியில் இடம்பெற 1951-52 பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மெக்லெண்டனோ விரைவு ஆட்டத்தையும் தளம் முழுவதும் நெருக்கும் காப்பையும் வளர்த்து, டென்னசி ஏ அண்டு ஐ கல்லூரி அணியை 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து, சிறு கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. அமைப்பின் தேசியப் பட்டம் வெல்லச் செய்தார். கதவடைத்த அணி இழந்தது எவ்வளவு என்பதை அவர் சாதனையே காட்டுகிறது.

ஸ்பிரிங்ஃபீல்டில் 1959-இல் நிறுவப்பட்ட கூடைப்பந்துப் புகழவையின் முதல் தொகுதியிலேயே நெய்ஸ்மித்தும் ஆலனும் மீன்வெல்லும் கார்ல்சனும் இடம்பெற்றனர். தம்முள் முரண்பட்ட பள்ளிகளின் தலைவர்களை ஒன்றாக ஏற்றதில் அம்மரபின் முதிர்ச்சி தெரிகிறது. ஆலன் 1974 செப்டம்பர் 16 அன்று, கன்சாஸ் பல்கலைக்கழகம் அமைந்த லாரன்ஸ் நகரில் காலமானார். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயிற்சியும் நிர்வாகமும் தனித்தனிப் பதவிகளாகப் பிரிந்துவிட்டன. தமிழகக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களோ இன்னும் அணிகளைப் பழக்கி, மைதானத்தைப் பேணி, போட்டிகளையும் நடத்தி வருகிறார்கள். அவர்கள் பணிக்கு ஆலனின் வாழ்வு தரும் பாடம் தெளிவானது: அணியைத் தேர்ந்தெடுக்கும் கையும் அமைப்பை நடத்தும் கையும் ஒன்றாக இருக்கும்போது, வெல்லும் திறனோடு எல்லா மாணவருக்கும் வாயில் திறந்திருக்கச் செய்யும் கடமையும் அந்த ஒரே கையைச் சேர்ந்ததாகிறது.