ஆங்கிலச் சொற்றொடர் வாய்பாடும் தமிழ் மாணவரும்

ஒரு மொழியின் சொற்களை அறிதல் வேறு. அச்சொற்கள் எவ்வெச் சொற்களோடு எவ்வாறு கூடி நடக்கும் என்பதை அறிதல் வேறு. முன்னதற்கு அகராதி துணைசெய்யும். பின்னதற்கு அகராதியும் போதாது, சொல்லிலக்கணமும் போதாது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் பயிலும் மாணவர் இடர்ப்படுவது பெரும்பாலும் இப்பின்னதன்கண்ணேயே என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். கடினமான சொற்களிற் பிழைவிடாத மாணவனும் 'கிவ்', 'வான்ற்', 'லெற்', 'மேக்' என்னும் நாளாந்தச் சொற்களை வாக்கியத்தில் அமைக்குமிடத்துத் தடுமாறுகின்றான்.

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. அந்நாள்தொட்டு இங்கே ஆங்கிலக் கல்விக்கு நெடிய வரலாறு உண்டு. ஆயினும் நெஸ்பீல்ட் முதலியோரின் இலக்கண நூல்கள் வழியே நிலைபெற்ற முறை, வாக்கியத்தைப் பகுத்து உறுப்புக்களுக்குப் பெயரிடும் முறையேயாம். பிணத்தை அறுத்து உறுப்புக்களை அறிவது போன்றது அது; உயிருள்ள உடல் நடக்கும் வகையை அது காட்டாது. அக்குறையை அன்று நிரப்பியது செவிப்பழக்கம். வீட்டிலும் விடுதியிலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தோர், விதியறியாமலே சரியாகப் பேசினர். 1945இல் இலவசக் கல்வி வந்தபின் பள்ளிக்கு வந்த மாணவர் பலர்க்கு அச்செவிப்பழக்கம் இல்லை. பாடவேளையே அவர்க்கு வாய்த்த ஆங்கில உலகம். ஆகவே வாக்கிய அமைப்பை வெளிப்படையாகக் கற்பித்தல் என்பது வெறும் போதனா முறை பற்றிய வினாவன்று. ஆங்கிலம் சில குடும்பங்களின் முதுசொமாக இருப்பதா, எல்லார்க்கும் உரிய கருவியாவதா என்னும் வினாவாகும்.

இந்நோக்கில் மதிப்பிடத்தக்க நூல், ஏ. எஸ். ஹோண்பி எழுதி 1954இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஆங்கிலச் சொற்றொடர் அமைப்பும் வழக்கும் பற்றிய கைந்நூல். ஹோண்பி 1924இல் யப்பானுக்கு ஆசிரியராகச் சென்றவர். அங்கே ஹரோல்ட் பாமர் தொடங்கிய ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1942இல் ரோக்கியோவில் வெளியான அகராதியில் வினைச்சொற்களை 25 வாய்பாடுகளாக வகுத்தார். ஆங்கிலேயர்க்கன்றிப் பிறமொழியாளர்க்கென்றே எழுந்தமை இம்முயற்சியின் முதற் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, வாக்கியத்தின் ஆணிவேர் வினைச்சொல் என்று கண்டமை. பொருளால் ஒத்த வினைகள் அமைப்பால் ஒத்திருக்கவேண்டும் என்பதில்லை. 'ஷோ மீ' என்பது சரியாதலால் 'எக்ஸ்பிளேன் மீ' என்பதும் சரி என்று மாணவன் கருதுகின்றான். 'இன்ரென்ட்' என்னும் வினையைத் தொடர்ந்து 'ரு' வருதலால் 'சஜெஸ்ற்' என்பதன் பின்னும் அது வரும் என்று துணிகின்றான். இவை அறியாமையாலன்று, ஒப்புமையால் விளையும் பிழைகள் என்று ஹோண்பி எடுத்துக்காட்டியமை, பிழைவிடும் மாணவனை மந்தன் என்று இகழும் வழக்கத்தையே பொருளற்றதாக்கிவிட்டது. ஒப்புமை காண்பவன் சிந்திக்கின்றான். அவனுக்கு வேண்டியது தண்டனையன்று, எல்லை காட்டுதல்.

இனிக் குறைகளை நோக்குவோம். வாய்பாடுகளுக்கு எண் கொடுத்தமையால், எண்ணை மனனஞ்செய்து வாக்கியத்தை மறக்கும் இடர் உண்டு. இன்ன வினை இன்ன வாய்பாட்டில் ஏன் வருகின்றது என்பதற்கும் நூலிற் போதிய விடை இல்லை. பிற்காலத்தில், பேமிங்காம் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கோபில்ட் ஆய்வின் பயனாக 1996இல் வெளியான வினை வாய்பாட்டு நூல், ஒரே வாய்பாட்டில் வரும் வினைகள் சில பொருட்குழுக்களாக அமைகின்றன என்பதைப் பெருந்தொகை வழக்குகளால் நிறுவியது. ஹோண்பியின் பட்டியலுக்கு உயிரூட்டுவது இவ்வுண்மையே.

பெருங்குறை மற்றொன்று. யப்பானியனும் தமிழனும் ஒருவகையாகவே பிழைவிடுவர் என்பதுபோல அந்நூல் அமைந்துள்ளது. நம் மாணவனின் பிழைக்குப் பின்னால் நிற்பது தமிழிலக்கணம். 'எனக்குக் காட்டு', 'எனக்கு விளக்கு' என்னும் இரண்டிலும் நான்காம் வேற்றுமை ஒன்றே. ஆங்கிலமோ முன்னதில் உருபின்றியும் பின்னதில் 'ரு' சேர்த்தும் வழங்கும். 'பாட விட்டான், பாடச் செய்தான், பாட அனுமதித்தான்' என்னும் மூன்றிடத்தும் நமக்குச் 'செய' என்னும் வாய்பாடு ஒன்றே போதும். ஆங்கிலத்தில் 'லெற்', 'மேக்' என்பவற்றின் பின் 'ரு' வாராது, 'எலவ்' என்பதன் பின் வரும். 'அவன் வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதிலுள்ள 'என்று' என்னும் சொல்லே, 'வான்ற்' என்பதன்பின் 'தற்' என்பதை இழுத்து வருகின்றது. 'அதைப்பற்றி' என்பதன் நிழலே 'டிஸ்கஸ் எபவுற்' என்பது. 'அல்லவா', 'தானே' என்பன எல்லா வாக்கியத்தின் ஈற்றிலும் மாறாது நிற்பதால், 'இஸின்ற் இற்' என்பதையும் அவ்வாறே நிறுத்துகின்றோம்.

தமிழ் எப்போதும் தடையாகும் என்று கொள்ளுதலும் தவறு. 'பேச நின்றான்', 'பேசுவதை நிறுத்தினான்' என்னும் வேறுபாடு நம் சிறுவர்க்கும் தெளிவு. 'ஸ்ரொப்' என்னும் வினையின்பின் 'ரு' வருதற்கும் 'இங்' ஈறு வருதற்கும் உள்ள வேற்றுமையை இவ்விரு தொடரும் ஒரு நொடியில் உணர்த்திவிடும். வாய்பாட்டு முறைதானும் நமக்குப் புதியதன்று. நன்னூல் வினையெச்சத்தைச் செய்து, செய முதலிய 12 வாய்பாடுகளில் அடக்கிற்று. ஆறுமுகநாவலரின் இலக்கணச்சுருக்கம் அம்மரபை உரைநடையிற் பள்ளி மாணவர்க்கு எளிதாக்கித் தந்தது. ஒரு மாதிரி வினையைக் காட்டி எண்ணில்லாத வினைகளை அமைக்கக் கற்பித்த அம்முறையே ஹோண்பியின் முறையுமாம். தமிழ்ப் பாடத்தில் இதனைக் கற்ற மாணவனுக்கு, ஆங்கிலப் பாடத்தில் இது வேறோருலகப் பொருளாகத் தோன்றுதல், இரு பாட ஆசிரியரும் தம்முள் உரையாடாமையின் விளைவேயன்றி வேறன்று.

இலங்கையர் ஆங்கிலம் தனக்குரிய ஒழுங்குடைய மொழிவகை. அதனைப் பிழை என்றல் அடிமை மனப்பான்மை என்று கூறுவாரும் உளர். இக்கூற்றிற் பேருண்மை உண்டு. வீதியிலும் வீட்டிலும் நம்மவர் தம்முள் பேசும் ஆங்கிலத்தை இலண்டன் தராசில் நிறுக்கவேண்டியதில்லை. ஆயினும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வகுப்பொன்றை ஆராய்ந்து சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூல் ஈண்டுக் கருதத்தக்கது. மாணவர் தம் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் வரைந்தும் எழுதியும் வைத்தவற்றைக்கொண்டு, அந்நூலின் அந்நிய வாழ்வோடு அவர் ஒட்டாமையை அவர் காட்டுகிறார். அம்மாணவரே இலக்கணத்தை விரும்பி நாடினர் என்றும் காட்டுகிறார். அந்நாட்டம் பிற்போக்கன்று. அந்நியக் கதைமாந்தர் அவர்க்கு உதவவில்லை. வாக்கியத்தின் இயல்பை அறிதல் உதவும் என்று அவர் கண்டனர். இருவகை வழக்கையும் அறிந்தவனே இடமறிந்து தெரிந்தெடுக்க வல்லவன். ஒன்றையே அறிந்தவனுக்குத் தெரிவு ஏது?

ஆகவே ஹோண்பியின் நூலை ஆசிரியர் கைவிடவும் வேண்டா, அப்படியே பின்பற்றவும் வேண்டா. எண்களை நீக்கி, நாளாந்த வினைகள் சிலவற்றை முதலில் எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்கு நேரான தமிழ்த்தொடரை நிறுத்தி, இரண்டும் ஒன்றுமிடமும் வேறுபடுமிடமும் காட்டிக் கற்பித்தல் தக்கது. வானொலியும் நூலகமும் ஆங்கிலம் பேசும் பெற்றோரும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அவ்வாறு கற்ற வாக்கியம் ஒன்று சொந்தமாகும். தன் தாய்மொழி தன்னைத் தடுக்கும் சுவரன்று, ஏறிச்செல்லும் படி என்பதையும் அப்பிள்ளை உடன் அறிந்துகொள்ளும்.